தோல்வாரின் மேற்பரப்பு: வழவழப்பா, இழுப்பா?

மழைமேகம் | திருவான்மியூர் | நவம்பர் 18

அனைவருக்கும் வணக்கம். மடக்குச் சவரக்கத்தியால் முகம் மழிக்கத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. கத்தி தாத்தாவுடையது, ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தது. சாணை பிடித்துத் தந்தவர் நன்றாகவே பிடித்துத் தந்தார். குறை கத்தியில் இல்லை, தீட்டும் தோல்வாரில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வார் மாட்டுத்தோல். மூன்று அங்குல அகலம், கொக்கியில் மாட்டித் தொங்கவிடும் வகை, பின்னால் பருத்திக் கித்தான் பட்டை. வாங்கியபோது வெளிறிய பழுப்பு நிறத்தில், உலர்ந்து, தடவினால் மெல்லிய சுணை விரலில் படும்படி இருந்தது. கத்தியை வைத்து இழுத்தால் தோல் அதை லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டது. அது எனக்குக் குறையாகத் தோன்றியது. படங்களில் பார்த்த பழைய வார்கள் எல்லாம் மின்னுகின்றனவே என்று, வாரம் ஒரு முறை தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் தேய்த்து வந்தேன்.

இப்போது நடுப்பகுதி கண்ணாடிபோல் பளபளக்கிறது, கத்தி அங்கே வழுக்கிக்கொண்டு போகிறது, கையில் எந்த உணர்வும் இல்லை. ஓரங்களோ பிசுபிசுக்கின்றன, கத்தி அங்கே இழுபடுகிறது. போதாதற்கு, இந்த மழை தொடங்கியதிலிருந்து ஆங்காங்கே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மூன்று வாரமாகத் தாடைக்குக் கீழே மழிக்கும்போது மயிரைப் பிடுங்குகிற எரிச்சல்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டுமா? அடிப்படையான கேள்வியும் ஒன்று: வாரின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பது நல்லதா, பிடிப்போடு இருப்பது நல்லதா?

கூர்மை | சேலம் | நவம்பர் 18

வாரின் மேல் பழி போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய செய்தித்தாளை நான்காக மடித்துச் சமமான மேசை விளிம்பில் இறுகப் பிடித்து, கத்தியை அதன் மேல் ஐம்பது சுற்று தீட்டுங்கள். கத்தியின் முதுகும் கூரான வாயும் ஒருசேரப் பட வேண்டும், முதுகு முன்னே போக வேண்டும், திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். பிறகு மழித்துப் பாருங்கள். நேற்றையைவிட நன்றாக இருந்தால் உங்கள் வார்தான் கெடுக்கிறது. மாற்றமே இல்லையென்றால் கத்தி சாணைக்கல்லுக்குப் போக வேண்டியதுதான்.

அடைப்பம் | கும்பகோணம் | நவம்பர் 19

மழைமேகம், தேங்காய் எண்ணெய் என்று படித்ததுமே மனம் பதறிவிட்டது.

என் அப்பா இந்த ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். நாற்காலியின் பக்கத்துத் தூணில் ஓர் ஆணி, ஆணியில் வார். கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டியதும் அவருடைய முதல் வேலை, வாரை இடக்கையால் இழுத்துப் பிடித்து வலது உள்ளங்கையால் மேலும் கீழும் உருவுவதுதான். இருபது, முப்பது தடவை உருவுவார். உள்ளங்கையில் சூடு தெரியும்வரை நிறுத்த மாட்டார். அதற்குப் பிறகே கத்தி வாரைத் தொடும். வாடிக்கையாளர் யாருக்காவது தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டால், சீயக்காய் போட்டுக் கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் வார் பக்கம் போவார். சிறுவனாக நான் ஒரு முறை முறுக்குத் தின்ற கையோடு வாரைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான்.

அந்த வார் மின்னும். உங்கள் படங்களில் இருக்கும் வார்களைப் போலவே மின்னும். அந்த மினுக்கம் பல ஆண்டுகள் உள்ளங்கை பட்டு வந்தது, எண்ணெயால் வந்ததில்லை.

புதுத் தோலுக்கு அவர் சவரச் சோப்பைக் குழைத்துப் பூசி, கண்ணாடிப் பாட்டிலால் உருட்டி உருட்டித் தேய்ப்பார். மூன்று நாள் அப்படிச் செய்வார். சோப்பு தோலுக்குள் இறங்கிச் சுணை படிந்துவிடும். உங்கள் வாருக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஆவாரம்பூ | திண்டுக்கல் | நவம்பர் 19

நான் சவரக்கத்தி பிடித்தவன் இல்லை. ஆனால் முப்பத்தொரு ஆண்டுகள் தோல் பதனிடும் ஆலைகளில் வேலை பார்த்தவன். தோலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தோலை வெட்டுவாயில், அதாவது வெட்டிய ஓரத்தில், உற்றுப் பாருங்கள். மேலே மயிர்ப்பக்கம்: நெருக்கமான, மெல்லிய அடுக்கு. கீழே போகப் போக நார்கள் தடித்துத் தளர்ந்து, சதைப்பக்கத்தில் பிசிறு பிசிறாக இருக்கும். எண்ணெயின் வேலை அந்த நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் நழுவ விடுவது. பதனிடும்போதே அதற்குத் தேவையான எண்ணெயை ஏற்றிவிடுகிறோம். எங்கள் பக்கத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடிக்கும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் புங்க எண்ணெய்தான் வழக்கம். அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நல்ல ஆலையிலிருந்து வந்த தோல் உங்கள் கைக்கு வரும்போது பசியோடு வருவதில்லை.

அதற்கு மேல் எண்ணெய் ஊற்றினால் நார்கள் அளவுக்கு மீறி நழுவும். தோல் தொய்ந்து மெத்தென்று ஆகிவிடும். மெத்தென்று ஆன தோலில் கத்தியை இழுத்தால் என்ன ஆகும்? வாய் இருக்கும் இடத்தில் தோல் அமுங்கும், கத்தி கடந்த உடனே எழும்பும். எழும்பும்போது வாயின் ஓரத்தைச் சுற்றி வளைத்து மழுக்கும். தாடைக்குக் கீழே நீங்கள் உணரும் எரிச்சலுக்கு இதைத்தான் நான் காரணமாகச் சந்தேகிக்கிறேன்.

நடுவில் கண்ணாடிபோல் இருப்பது, மயிர்க்கால் துளைகளில் எண்ணெயும் கத்தியின் இரும்புத் துகளும் சேர்ந்து அடைத்து, மேலே மெருகேறிய பகுதி. ஓரத்தில் கத்தி அதிகம் படாததால் எண்ணெய் மெருகேறாமல் தூசியைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரே தவறு, இரண்டு தோற்றம்.

இப்போது இரண்டு சோதனைகள் செய்யுங்கள். வாரின் ஓரத்தைப் பிளேடால் மெல்லியதாகச் சீவிப் பாருங்கள். உள்ளே முழுக்கப் பழுப்பாக இருந்தால் மரப்பட்டையில் பதனிட்டது. நடுவில் நீலச் சாம்பல் கோடு தெரிந்தால் குரோமியத்தில் பதனிட்டது. சென்னையில் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அந்தப் பதனிடலை நடத்திய ஆலையால்தான். அது நல்ல தோல்தான். ஆனால் பஞ்சு போன்ற தன்மை அதில் அதிகம் என்பதால் வாருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, அந்த வெள்ளைப் பூப்பு. அது பூஞ்சையாகவும் இருக்கலாம், தோலுக்குள்ளிருந்து கொழுப்பு வெளியே வந்து உறைந்ததாகவும் இருக்கலாம். முடி உலர்த்தியை ஓர் அடி தள்ளிப் பிடித்து இளஞ்சூட்டில் காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. அப்படியே நின்றால் பூஞ்சை.

சோப்பைப் பற்றி அடைப்பம் தம்பி சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பிறகு வருகிறேன்.

பனித்துளி | டொராண்டோ | நவம்பர் 20

இங்கே சிக்கல் நேர் எதிர். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றி வைப்பதால் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. மாட்டுத்தோல் வார் விறைத்து, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு ஓடையாகிவிடும். அப்படிச் சுருண்டால் கத்தியின் இரு முனைகள் மட்டும் தோலில் படும், நடுவே படாது.

நான் செய்வது இதுதான்: ஆண்டுக்கு ஒரு முறை, மார்கழி தொடங்கும் முன், நீட்ஸ்ஃபுட் எண்ணெய் ஐந்து சொட்டு. மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கும் எண்ணெய் அது. சொட்டுகளை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, அந்தக் கையால் வாரின் பின்பக்கத்தை, சதைப்பக்கத்தை, உருவுவேன். முன்பக்கம் தொடுவதே இல்லை. ஓரிரு நாளில் எண்ணெய் தானாக முன்னே ஊறி வந்துவிடும். மேற்பரப்பு மாறாது, விறைப்பு மட்டும் போகும்.

என்னிடம் இன்னொரு வார் இருக்கிறது, குதிரையின் பின்புறத்திலிருந்து எடுக்கும் கார்டோவன். அதைத் தோல் என்று சொல்வதே முழுக்கச் சரியில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் நெருக்கமான நார்த்தகடு அது, ஒரு குதிரைக்கு இரண்டு தகடுதான். சிகாகோவில் 1905 முதல் இயங்கும் ஹார்வீன் ஆலை அதைப் பதனிட்டு முடிக்க ஆறு மாதங்களாவது எடுத்துக்கொள்கிறது. மயிர்க்கால் துளையே கிடையாது. தடவினால் கூழாங்கல் போல் இருக்கும். வழவழப்பு வேண்டும் என்பவர்கள் தேட வேண்டியது அந்தத் தோலை. மாட்டுத்தோலை எண்ணெய் போட்டு அப்படி ஆக்க முடியாது. ஏழு ஆண்டுகளில் அதற்கு நான் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போட்டதில்லை.

மழைமேகத்தின் அடிப்படைக் கேள்விக்கு என் பதில்: வழவழப்பான பரப்பிலும் கத்தி நன்றாகத் தீட்டப்படும், பிடிப்புள்ள பரப்பிலும் தீட்டப்படும். ஆனால் ஒரே வாரில் நடுவே ஒன்று ஓரத்தில் ஒன்று என்று இருக்கவே கூடாது. கை எப்படி அழுத்தம் கொடுப்பது என்று தெரியாமல் தடுமாறும்.

சுடர்விழி | கோயம்புத்தூர் | நவம்பர் 20

பனித்துளியின் கடைசிப் பத்தியை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று சேர்க்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு லேசான இழுப்புள்ள தோல்தான் நல்ல ஆசான். கத்தி சற்றே சரிந்து முதுகு எழும்பினாலும் தோல் உடனே கையில் சொல்லிவிடும். வழுக்குகிற தோல் சொல்லாது. நீங்கள் தவறாகத் தீட்டிக்கொண்டே இருப்பீர்கள், உங்களுக்குத் தெரியாது. எண்ணெய் போட்டு அந்தப் பேச்சை நீங்கள் அடைத்துவிட்டீர்கள், மழைமேகம்.

நான் பழைய சவரக்கத்திகளையும் வார்களையும் வாங்கிப் புதுப்பிக்கிறேன். உப்புத்தாள் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். எண்ணெய் ஊறிய தோலில் உப்புத்தாள் தேய்த்தால் ஐந்தே இழுப்பில் தாள் அடைத்துக்கொள்ளும், தோல் சேறுபோல் உருண்டு வரும். முதலில் எண்ணெய் வெளியேற வேண்டும்.

மழைமேகம் | திருவான்மியூர் | நவம்பர் 21

எல்லோருக்கும் நன்றி. நான்கு செய்திகள்.

செய்தித்தாள் சோதனை: ஐம்பது சுற்றுக்குப் பிறகு இன்று காலை மழித்தேன். எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. என் வார்தான் குற்றவாளி.

வெட்டுவாய்: உள்ளே முழுக்கப் பழுப்பு. நீலம் இல்லை.

வெள்ளைப் பூப்பு: பெரும்பாலான இடங்களில் சூடு காட்டியதும் உருகிப் போனது. மேல் முனையில், கொக்கிக்கு அருகே, இரண்டு இடங்களில் மட்டும் போகவில்லை. அங்கே மோந்து பார்த்தால் மழைக்காலத்து அலமாரி வாசனை வருகிறது.

வாரை இதுவரை குளியலறைக் கதவின் பின்னால்தான் தொங்கவிட்டிருந்தேன். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஆவாரம்பூ | திண்டுக்கல் | நவம்பர் 21

குளியலறை என்ற அந்தக் கடைசி வரியில்தான் பாதி விடை இருக்கிறது. கடற்கரை ஊரில் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் பூஞ்சைக்குத் தோல் ஒரு விருந்து. நீங்கள் எண்ணெயும் ஊற்றி, நீராவியும் காட்டியிருக்கிறீர்கள். இன்றே வாரைக் காற்றோட்டமான கூடத்துக்கு மாற்றுங்கள்.

பூஞ்சைக்கு: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நீரும் சம அளவு கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், துணியைப் பிறகு எறிந்துவிடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போடாதீர்கள். வெயில் பட்டால் தோல் விறைத்து வெடிக்கும்.

எண்ணெய்க்கு: மக்காச்சோள மாவு அல்லது முல்தானி மட்டி. வாரைச் சமமான பலகையில் பரப்பி, இரு பக்கமும் ஒரு விரல்கடை தடிமனுக்கு மாவைப் போட்டு மூடி, மேலே பழைய துணியும் இன்னொரு பலகையும் வைத்துப் பளு ஏற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை மாவைத் தட்டிவிட்டுப் புது மாவு போடுங்கள். மாவு மஞ்சளித்து ஈரமாக வந்தால் எண்ணெய் ஏறுகிறது என்று பொருள். மாவு உலர்ந்த வெள்ளையாகவே திரும்பி வரும்வரை செய்யுங்கள்.

அவசரப்பட்டு டர்பன்டைன், பெட்ரோல் என்று இறங்காதீர்கள். அவை நீங்கள் போட்ட எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு நிற்காது, பதனிட்டபோது ஏற்றிய எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடும்.

இனி சோப்பு. பதனிட்ட தோல் இயல்பில் அமிலத்தன்மை உள்ளது. சோப்பு காரம். மரப்பட்டையில் பதனிட்ட தோலில் காரம் பட்டால் தோல் கறுக்கும், பட்டையின் துவர்ப்புச் சத்து இளகிக் கரையும். பல ஆண்டுகள் அப்படிச் செய்தால் மயிர்ப்பக்கம் நொறுங்கத் தொடங்கும். சோப்பு நுரையை நான் எந்தத் தோலிலும் பூசச் சொல்ல மாட்டேன்.

அடைப்பம் | கும்பகோணம் | நவம்பர் 22

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் அப்பாவின் வார் இப்போதும் என் வீட்டில் இருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. எங்கும் நொறுங்கவில்லை. சோப்பு அவ்வளவு கெடுதல் என்றால் அது எப்படி நிற்கிறது?

பனித்துளி | டொராண்டோ | நவம்பர் 22

இடையில் ஒரு தகவல். அடைப்பம் அண்ணாவின் அப்பா செய்தது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. அமெரிக்க முடிதிருத்தும் பள்ளிகளின் பழைய பாடப்புத்தகங்களிலும் புது வாரைப் பழக்கும் முறையாக இதுவே வருகிறது. முதலில் நுரைக்கல்லால் உலர்வாகத் தேய்த்துச் சுணையைச் சமமாக்குவது, அடுத்து நுரையைப் பூசி வழவழப்பான பாட்டிலால் அழுத்தித் தேய்ப்பது. கடல் கடந்த இரண்டு ஊர்களில் ஒரே பாட்டில்! படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆவாரம்பூ | திண்டுக்கல் | நவம்பர் 23

அடைப்பம் தம்பி, ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உங்கள் கேள்வி நியாயமானது.

சவரச் சோப்பு துணி துவைக்கும் சோப்பு இல்லை. அதில் ஸ்டியரிக் கொழுப்பு நிறைய இருக்கிறது. கெட்டியாகக் குழைத்துக் கொஞ்சமாகப் பூசி, ஈரம் போகும்வரை பாட்டிலால் தேய்த்தால், நீர் ஆவியாகிவிடும், அந்தக் கொழுப்பு மட்டும் தோலின் துளைகளுக்குள் தங்கிவிடும். துளை அடைபடும், சுணை படியும். பாட்டிலின் அழுத்தம் மயிர்ப்பக்கத்தை இறுக்கும். நாங்கள் ஆலையில் கண்ணாடி உருளையால் மெருகேற்றுவதும் இதே வேலைதான். அப்பா அதை ஒவ்வொரு வாருக்கும் ஒரு முறைதான் செய்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் செய்திருந்தால் நான் சொன்னது நடந்திருக்கும். புதுத் தோலுக்கு ஒரு முறை என்றால் என் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

மழைமேகத்தின் வாருக்கு மட்டும் வேண்டாம். அங்கே துளைகள் ஏற்கெனவே அடைபட்டுக் கிடக்கின்றன.

அடைப்பம் | கும்பகோணம் | நவம்பர் 23

நன்றி ஐயா. ஒரே ஒரு முறைதான். புது வார் வாங்குவதே பல ஆண்டுக்கு ஒரு தடவை.

புதியவன் | தஞ்சாவூர் | நவம்பர் 25

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். "ரஷ்யத் தோல்" வார் என்று விற்கிறார்கள். மேலே சாய்சதுரக் கட்டம் கட்டமாகக் கோடுகள் இருக்கின்றன. அந்தக் கோடு கத்திக்கு நல்லதா?

சுடர்விழி | கோயம்புத்தூர் | நவம்பர் 25

பழைய ரஷ்யத் தோல் என்பது வில்லோ மரப்பட்டையில் பதனிட்டு, பூர்ச்ச மரத்தின் தார் எண்ணெய் ஏற்றியது. புகையும் பிசினும் கலந்த மணம் வீசும், நீர் எளிதில் புகாது. மேலே கோடுகளை அச்சழுத்துவது அந்தத் தோலின் அடையாளம். 1786-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து அந்தத் தோல்களை ஏற்றிக்கொண்டு இத்தாலிக்குப் போன மெட்டா கத்தரீனா என்ற கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் துறையில் மூழ்கியது. 1973-இல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தபோது, சேற்றுக்குள் இருந்த தோல்கள் பயன்படுத்தும் நிலையில் இருந்தன. 187 ஆண்டுகள் கடலுக்கு அடியில்! பதனிடல் சரியாக இருந்தால் தோல் எதைத் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்று அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் சாதாரண மாட்டுத்தோலில் கட்டக்கோடு அழுத்தியவை. கெட்டதில்லை. புதிதில் இழுப்பு சற்றுக் கூடுதலாகத் தெரியும், தீட்டத் தீட்டக் கோடு மங்கிச் சமமாகும். கோட்டைப் பார்த்து வாங்காதீர்கள். வளைத்துப் பார்த்து, வெட்டுவாயைப் பார்த்து, மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு சொட்டு நீர் விட்டால் பூச்சில்லாத தோலில் சிறிது நேரத்தில் ஊறிக் கறுக்கும். பூச்சுள்ள தோலில் முத்துப்போல் நிற்கும். நான் ஒரு முறை பூச்சுத் தோலை நம்பி வாங்கி, மூன்று மாதம் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூர்மை | சேலம் | நவம்பர் 25

கத்தியைத் தீட்ட வாரில் பூசும் பசை பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். குரோமியம் ஆக்சைடு பச்சைப் பசை சுமார் 0.5 மைக்ரான் துகள். அது சாணையின் தம்பி. அன்றாடம் தீட்டும் தோலில் அதைப் பூசாதீர்கள். வேண்டுமானால் தனியாக ஒரு துண்டில் வைத்துக்கொள்ளுங்கள். தோலில் ஒரு முறை ஏறிய துகளை முழுக்க எடுக்கவே முடியாது.

மழைமேகம் | திருவான்மியூர் | டிசம்பர் 9

மாவு வைத்தியம் முடிந்தது. ஏழு முறை மாற்றினேன். முதல் மூன்று முறை மாவு ஈரமாக, நெய் பிசைந்த புட்டுமாவுபோல் உதிர்ந்தது. கடைசியில் வெள்ளையாகவே வந்தது. பூஞ்சை திரும்பவில்லை. வார் கறுத்துத்தான் இருக்கிறது, ஆனால் பிசுபிசுப்புப் போய்விட்டது. விறைப்பும் ஓரளவு திரும்பியிருக்கிறது. நடுவில் இருந்த கண்ணாடிப் பகுதி மட்டும் அப்படியே இருக்கிறது.

சுடர்விழி | கோயம்புத்தூர் | டிசம்பர் 9

இப்போது உப்புத்தாளின் நேரம்.

வாரைத் தடித்த கண்ணாடியிலோ சமையல்மேடைக் கருங்கல்லிலோ பரப்புங்கள். கல் சமமாக இல்லாவிட்டால் தோலில் பள்ளம் விழும். 400 எண் தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, கட்டையின் எடை மட்டும் பட, நீளவாக்கில் முனையிலிருந்து முனைவரை ஒரே சீராக இழுங்கள். பளபளப்பான நடுவில் மட்டும் தேய்க்கத் தோன்றும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள், அங்கே குழி விழுந்துவிடும். பத்து இழுப்புக்கு ஒரு முறை சாய்வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பு உடைந்து, பரப்பு முழுக்க மங்கலாக ஒரே நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். புதுத் தோல் தெரியும் அளவுக்கு இறங்க வேண்டாம். பிறகு 600 எண் தாளில் இருபது இழுப்பு.

அதன் பின் செய்வதுதான் பலர் மறக்கும் வேலை. உப்புத்தாளின் மணல் ஒன்று தோலில் தங்கினால் போதும், கத்தியின் வாய் அங்கே பல் விழும். தூரிகையால் தட்டி, ஒட்டும் நாடாவைப் பரப்பு முழுக்க ஒட்டி ஒட்டி உரித்தெடுங்கள். இரண்டு முறை செய்யுங்கள்.

அடுத்து அடைப்பம் அண்ணாவின் அப்பா செய்தது. உள்ளங்கை.

அடைப்பம் | கும்பகோணம் | டிசம்பர் 10

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு உருவுங்கள். விரல் நுனியால் வேண்டாம், உள்ளங்கையின் சதைப்பற்றான அடிப்பகுதியால். காலையில் முப்பது, இரவில் முப்பது. இரண்டு வாரம் கத்தியை அதன் அருகில் கொண்டுபோக வேண்டாம். அதுவரை செய்தித்தாளில் தீட்டிக்கொள்ளுங்கள்.

மழைமேகம் | திருவான்மியூர் | ஜனவரி 3

சொன்னபடியே செய்தேன். இந்த வாரம்தான் கத்தியை மீண்டும் தோலில் வைத்தேன். முதலில் கித்தானில் இருபது சுற்று, பிறகு தோலில் ஐம்பது.

முன்பு வழுக்கிய இடத்தில் இப்போது கத்தி தோலை உணர்கிறது. பிடித்து இழுக்கவில்லை, விடவும் இல்லை. ஈர மணலில் விரலை இழுப்பதுபோல் ஒரு சீரான தடை. ஓசையும் மாறிவிட்டது. முன்பு சத்தமே வராது. இப்போது ஒவ்வொரு இழுப்புக்கும் பட்டுப்புடவை உரசுவதுபோல் மெல்லிய ஒலி வருகிறது. முதுகு சற்றே எழும்பினால் அந்த ஒலி உடைவது காதில் விழுகிறது. சுடர்விழி சொன்ன பேச்சு இதுதான் என்று நினைக்கிறேன். எரிச்சல் முழுக்கப் போய்விட்டது.

ஒரே ஒரு சந்தேகம். தோலில் குறுக்கே நான்கைந்து கறுப்புக் கோடுகள் புதிதாக வந்திருக்கின்றன. நாடாவால் எடுத்தும் போகவில்லை.

ஆவாரம்பூ | திண்டுக்கல் | ஜனவரி 3

கத்தியைச் சரியாகத் துடைக்காமல் தோலில் வைத்திருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து எழுத்து மை காய்ச்சினார்கள் அல்லவா? கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. மரப்பட்டையில் பதனிட்ட தோல் முழுக்கத் துவர்ப்புத்தான். ஈரமான இரும்புக் கத்தியை அதன் மேல் வைத்தால் நீங்கள் மை காய்ச்சுகிறீர்கள். எலுமிச்சைச் சாற்றை நீர்க்கச் செய்து துணியில் தொட்டுத் துடைத்தால் ஓரளவு வெளிறும். ஆனால் கத்திக்கு அந்தக் கோட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. விட்டுவிடலாம். கத்தியை மட்டும் துடையுங்கள்.

அடைப்பம் | கும்பகோணம் | ஜனவரி 5

ஆவாரம்பூ ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்.

எயிட்ஸ் பற்றிய விழிப்புணர்வு வந்த பிறகு அப்பாவும் மற்றவர்களைப் போலப் பாதி பிளேடு மாட்டும் கத்திக்கு மாறினார். வார் ஆணியிலேயே தொங்கியது. கடையை மூடியபோது அதைச் சுருட்டி அடைப்பத்துக்குள், அதாவது அவருடைய கருவிப் பைக்குள், வைத்துவிட்டோம். இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தவன், நேற்று எடுத்துப் பிரித்தேன். இருபது ஆண்டுக்கு மேல் யாரும் தொடாத வார். மேலே அந்த மினுக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் பலகைபோல் விறைத்திருக்கிறது. இதற்காவது எண்ணெய் போடலாமா? எவ்வளவு?

ஆவாரம்பூ | திண்டுக்கல் | ஜனவரி 5

தம்பி, எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் உங்கள் வெறும் உள்ளங்கையால், மிக மெதுவாக, ஐந்தாறு தடவை உருவிப் பாருங்கள். உள்ளங்கையில் செம்பழுப்புத் தூள் ஒட்டினால் தோல் உள்ளுக்குள் மக்கிவிட்டது என்று பொருள். அதை எந்த எண்ணெயும் மீட்காது, அப்படியே பாதுகாத்து வையுங்கள். தூள் வராவிட்டால், தடித்த மூங்கில் மேல் மயிர்ப்பக்கம் வெளியே இருக்கும்படி மெல்ல வளையுங்கள். நுண்ணிய வெடிப்பு தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வெடிப்பு இல்லையென்றால் விளக்கெண்ணெய் மூன்றே சொட்டு, பின்பக்கம் மட்டும். சமையல் எண்ணெய்கள்போல் அது சீக்கிரம் சிக்குப் பிடிக்காது. ஒரு மாதம் கழித்து இன்னும் விறைப்பாக இருந்தால் இன்னொரு மூன்று சொட்டு.

அடைப்பம் | கும்பகோணம் | ஜனவரி 6

கை கழுவித் துடைத்துவிட்டு உருவினேன் ஐயா. தூள் வரவில்லை. வளைத்தும் பார்த்தேன், வெடிப்பு இல்லை.

விளக்கெண்ணெய் மூன்று சொட்டு பின்பக்கம் போட்டு, கூடத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். இன்று காலை முப்பது தடவை உருவினேன். இருபதைத் தாண்டியதும் உள்ளங்கையில் சூடு தெரிந்தது.